180,000 சம்பளத்தை விட்டுட்டு 65,000க்குப் போகலாமா?

வெள்ளவத்தைக்காரி:
எனக்கு 28 வயசு. கோட்டையில ஒரு தனியார் கம்பனியில எக்கவுண்ட்ஸ் வேலை, சம்பளம் 180,000. ரெண்டு வருசமா சனிக்கிழமையில தெஹிவளைப் பக்கம் ஒரு சின்ன சென்டருக்கு போய் ஓட்டிசம் உள்ள பிள்ளையளோட இருக்கிறன். இப்ப முழுநேரமா வாங்கோ, 65,000 தரலாம் எண்டு கேட்டிருக்கினம். வீட்டில அம்மாவும் ஏ.எல் படிக்கிற தம்பியும், அப்பா இல்லை. மாதச் செலவு எல்லாம் சேத்து 130,000 மட்டில வரும், கையில 9 லட்சம் இருக்கு.

அங்க ஆறு வயசுப் பெடியன் ஒருத்தன், கதைக்க மாட்டான், தண்ணி வேணுமெண்டா தலையை சுவரில இடிப்பான். எட்டு மாசமா படக் காட் காட்டிப் பழக்கினம். போன சனி தானா எழும்பி வந்து கோப்பை படம் போட்ட காட்டை என்ர கையில வச்சு அமத்தினான், தண்ணி குடுத்தன், குடிச்சிட்டு திரும்பவும் அதே காட்டை கொண்டு வந்தான், தாகத்துக்கு இல்லை, காட்டினா உண்மையா தருவினமோ எண்டு பாக்க. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரையே வரேல்ல. ஒபீஸில மாதக் கடைசியில ராத்திரி ஒம்பது மணி மட்டும் இருந்து கணக்கு முடிக்கிறன், அடுத்த நாள் அதில ஒண்டும் மனசில நிக்காது.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
தங்கச்சி, உங்க மனசு புரியுது, ஆனா போகாதீங்க. 65,000ல 8% ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) போனா கையில 59,800. மாசம் 70,000 துண்டு விழும், உங்க 9 லட்சம் பதிமூணு மாசம் கூட தாங்காது. இப்ப 180,000ல ஈ.பி.எப் 14,400, டெக்ஸ் 1,800 (150,000க்கு மேல உள்ளதுக்கு 6%), அது போக 163,800 வருது. வயசான காலத்துக்கு சேர்றதையும் பாருங்க, கம்பனி போடுற 12% சேத்து இப்ப மாசம் 36,000 சேருது, அங்க 13,000. வருசத்துக்கு 276,000 வித்தியாசம்.

2022 ஞாபகம் இருக்கா? 2021ல 1,493க்கு வாங்கின 12.5 கிலோ காஸ் 2022 ஏப்ரல்ல 4,860, டொலர் 200ல இருந்து 360க்கு போச்சு. நான் அப்ப பிடிச்ச வேலைன்னு ஒரு சின்ன பிரஸ்ல டிசைன் பண்ணிட்டு இருந்தேன். கடதாசி இல்லாம பிரஸ்ஸ மூடிட்டாங்க. அம்மாவோட பிரஷர் மருந்த பாதிப் பாதியா உடைச்சு குடுத்த ஆள் நான், அந்த மருந்து கார்ட் இன்னும் பர்ஸ்ல இருக்கு.

நைட் ஷிப்ட் அக்கா:
அண்ணா, நீங்க பட்டது பெரிய கஷ்டம், இல்லைன்னு சொல்லல. ஆனா சம்பளம் நல்லா இருந்தா வீடு நல்லா இருக்கும்னு எழுதுறீங்க, அது எங்க வீட்டுல நடக்கல. வெளிநாட்டுக் கம்பனி ஒண்டுக்கு இங்க இருந்து அஞ்சு வருசம் நைட்ல வேலை செஞ்சேன், 210,000. கேஸ்ட்ரைட்டிஸ், தோல் முழுக்க சொறி, மாசத்துக்கு மூணு தடவ டொக்டர சனல் பண்ணுவேன், மகன் எழும்புற நேரம் நான் படுப்பேன், அவன் சத்தம் போட்டா எரிஞ்சு விழுவேன். ஒரு நாள் அவன் பிள்ளைங்க எல்லாத்தையும் கூப்பிட்டு “அம்மா தூங்குறா, சத்தம் போடாதீங்க” ன்னு வாசல்ல நிண்டு சொல்லிட்டு இருந்தான், பேர்த்டே அவனுக்கு. அந்தக் கணக்க யாரும் போட மாட்டாங்க. இப்ப 95,000க்கு ஒரு நேர்சரில இருக்கேன்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
உங்களுக்கு வீட்டுக்காரர் சம்பளமும் இருக்குமே? இந்தத் தங்கச்சி வீட்டுல உழைக்கிறது அவ ஒருத்திதான்.

நைட் ஷிப்ட் அக்கா:
இருக்கு, அது சரி. அத நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.

பழைய ரீச்சர்:
நான் இதே வேலையில ஏழு வருசம் இருந்தனான், அதால சொல்லுறன். அந்த காட்டைத் தந்த பிள்ளை மாதிரி ஒரு நாள் வரும், அதுக்கு முதல் ஐம்பது நாள் கடி, சத்தி, “இன்னும் ஏன் கதைக்கேல்ல” எண்டு கேக்கிற தாய்மாரின்ர கண்ணீர். சனிக்கிழமை மட்டும் போற ஆளுக்கு அது பாதிதான் தெரியும். நான் விட்டது களைப்பில இல்லை, ஏழு வருசத்தில 18,000 தான் கூட்டினவை.

ஆனா தமிழில இந்த வேலை தெரிஞ்ச ஆக்கள் கொழும்பில நல்ல குறைவு, தாய்மார் பஸ் மாறி மாறி அலையினம். அதால போகாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. வெறுங்கையோட மட்டும் போகாதேங்கோ. நாவல திறந்த பல்கலைக்கழகத்தில விசேட தேவைக் கல்விக்கெண்டே ஒரு துறை இருக்கு, வேலையோட படிக்கலாம். தம்பி ஏ.எல் முடிக்கட்டும், அதுக்குள்ள ஒரு சேட்டிபிக்கட் எடுங்கோ. கணக்கு வேலையையும் முழுசா விடாதேங்கோ, புறக்கோட்டையில சின்னக் கடைக்காரர் மூண்டு பேரின்ர கணக்கை பின்னேரத்தில எழுதினாலே துண்டு விழுறது பாதியாக் குறையும்.

கொட்டாஞ்சேனை அண்ணன்:
இது நியாயமான பேச்சு. இன்னொண்ணு தங்கச்சி, அந்த சென்டர் ஈ.பி.எப் கட்டுதான்னு கேளுங்க. நான் கட்டும்னு நினைச்சு கணக்குப் போட்டுட்டேன். சின்ன எடங்கள்ல நிறைய பேர் கட்டுறதில்ல, ஒரு ஆள் வேலைக்கு இருந்தாலும் கட்டணும்னு 1958ல இருந்து சட்டம் இருக்கு. என் பிரஸ்ல கட்டல, மூடின அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

வெள்ளவத்தைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. அண்ணா, நீங்க சொன்னதால இண்டைக்கு சென்டர் மிஸ்ஸுக்கு கோல் எடுத்துக் கேட்டன். கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்ல, பிறகு இருக்கிற நாலு ரீச்சர்மாருக்கும் கட்டுறேல்ல எண்டு சொன்னா, எப்பிடி பதியிறது எண்டே தனக்கு விளங்கேல்லையாம். எனக்கு கோவம் வந்தது, அவை நாலு பேரும் எத்தினை வருசமா அங்க இருக்கினம். தம்பியின்ர சோதினை முடியும் மட்டும் ஒபீஸை விடுறேல்ல எண்டு முடிவெடுத்திட்டன். இந்த சனி பெடியன்ர வகுப்பு முடிஞ்ச உடன மிஸ்ஸோட இருந்து அவையின்ர சம்பளக் கொப்பியை பாக்கப் போறன், நாலு பேரையும் பதியிற போர்மை நானே நிரப்பிக் குடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன்.