கட்டாரில் இருந்து ஐபோன் 17 எடுப்பிக்கலாமா? சிம் தட்டே இல்லையாமே

கல்லடிக்காரன்:
என் மச்சானுக்குத் தோஹாவில் வேலை, அடுத்த மாதம் லீவில் மட்டக்களப்புக்கு வாறார். "என்ன போன் வேணும், இப்பவே சொல்லு, கடைசி நாளில் கடை கடையா ஓட ஏலாது" என்று வாட்ஸ்அப்பில் நச்சரிக்கிறார். நானோ இரண்டு வருசமாக ராத்திரி படுக்கும்போது, வரப்போகும் போனைப் பற்றி முன்கூட்டியே கசியும் லீக் வீடியோ பார்த்துப் பார்த்து, அடுத்தது வரட்டும், அடுத்தது வரட்டும் என்று கண்ணாடி வெடித்த போனில் செலோடேப் ஒட்டிக்கொண்டு இருக்கிறேன். ஐபோன் 17 எடுக்கச் சொல்லவா, பொறுக்கவா? அங்கே விற்கிறதில் சிம் போட இடமே இல்லை என்கிறார்களே, உண்மையா?

கல்முனை நானா:
உண்மைதான் தம்பி. 2022இல் ஐபோன் 14 வந்தபோது அமெரிக்காவில் மட்டும் சிம் தட்டை எடுத்தார்கள். 17இல் கட்டார், சவூதி, அமீரகம், குவைத், ஓமான், பஹ்ரைன் எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, அங்கே வெறும் இ-சிம்தான், அதாவது கழற்றிப் போடும் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம். நம்ம நாட்டு போன் கொம்பனிகளான டயலொக், மொபிடெல் இரண்டிலும் இ-சிம் இருப்பதால் இங்கே வேலை செய்யும், அதில் பயமில்லை. ஆனால் ஒன்று. போன வருசம் தோணியில் இருந்து என் போன் ஆற்றில் விழுந்தது. எடுத்த கையோடு மனைவியின் தோட்டுக் கம்பியால் தட்டைக் குத்தித் திறந்து, சிம்மைத் துடைத்துப் பழைய பட்டன் போனில் போட்டு, பத்து நிமிசத்தில் கோல் எடுத்தேன். இ-சிம் என்றால் அந்த வித்தை நடக்காது, சேவை நிலையத்துக்குத்தான் போகவேண்டும்.

அக்கரைப்பற்று வாசி:
லீக்கை நம்பிக் காத்திருந்தால் காலம் பூரா காத்திருக்க வேண்டியதுதான். 2021இல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7 தட்டை விளிம்போடு வரும் என்று படம் வரைந்தே காட்டினார்கள், வந்தது வளைந்த விளிம்பு! தேதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்க: ஐபோன் பெரும்பாலும் செப்டெம்பர், சாம்சங் எஸ் வரிசை வருசத் தொடக்கம். புதுசு வந்ததும் பழசின் விலை இறங்கும். 17 வந்த அன்று 16இன் விலையை 799 டொலரில் இருந்து 699க்கு இறக்கினார்கள். ஆனால் அதே 799க்கு 17இல் 256 ஜிபியும் 120 ஹேர்ட்ஸ் திரையும் (செக்கனுக்கு 120 தடவை படம் புதுப்பிக்கும்) தருகிறார்கள், 16இல் 128 ஜிபி, 60 ஹேர்ட்ஸ்தான். இந்தத் தடவை பழசை எடுப்பதில் பெரிய லாபம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

செங்கலடிப் பொடியன்:
எதுக்கு ஐபோன் என்றுதான் நான் கேட்பேன் 😄 சாம்சங் ஏ16க்கே ஆறு வருச அப்டேட், எஸ்24க்கு ஏழு. எங்கள் ஆட்கள் கமராவைப் பார்க்கிறார்கள், அப்டேட்டைப் பார்க்கிறதில்லை. அப்புறம், மனம் மாறி இங்கேயே கடையில் எடுத்தால் காசு கொடுக்க முன்னம் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை (ஒவ்வொரு போனுக்கும் தனியான அடையாள எண்), முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் போட்டு இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த போனா இல்லையா என்று பதில் வரும். நான் பார்க்காமல் எடுத்து மாட்டினேன். பெட்டியில் இருந்த இலக்கம் வேறு, போனில் இருந்த இலக்கம் வேறு. கடைக்காரர் "அது பரவாயில்லை தம்பி" என்றார், அவருக்குப் பரவாயில்லைதான்.

கல்லடிக்காரன்:
சரி, 17தான். மச்சானுக்குச் சொல்லியாச்சு, "இரண்டு வருசம் கழிச்சு ஒரு பதில்" என்று சிரிக்கிறார். நானா, இ-சிம் மாற்றப் போகும்போது அடையாள அட்டை வேணுமா?

கல்முனை நானா:
கொண்டு போங்க. சிம் உங்க பேரில் இருக்கா என்று முதலில் பாருங்க. என்னுடையது வாப்பா பேரில் கிடந்தது, அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் தரம் போனேன்.