ஃபேன்டசி ஹாக்கியில் ஒன்பதாம் இடம். பிளேஆஃப் பூலுக்கு யாரை எடுப்பது?

ஆலை_ஷிப்டுக்காரன் (சுங்கை சிப்புட், மலேசியா)
18 ஏப்ரல் 2025, இரவு 9.10

வணக்கம். இது புல்தரை ஹாக்கி இல்லை, ஐஸ் ஹாக்கி, அமெரிக்கா கனடாவில் நடக்கும் என்.எச்.எல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன தடவை எழுதியபோது பாதிப் பேர் அஸ்லான் ஷா கிண்ணத்துக்கு டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா மூன்று வருடத்துக்கு முன் எங்களை ஒரு ஃபேன்டசி குழுவில் இழுத்துவிட்டார். பத்துப் பேர். அவர் பக்கம் நாலு, இங்கே தோட்டத்துப் பையன்கள் ஆறு. அக்டோபரில் வரிசை வைத்து ஆட்டக்காரர்களை எடுப்போம், முதல் சுற்றில் ஒன்றிலிருந்து பத்து, அடுத்த சுற்றில் பத்திலிருந்து ஒன்று என்று பாம்பு மாதிரி வளைந்து வரும். அப்புறம் வாரத்துக்கு ஒருவரோடு மோதல். நாம் எடுத்தவர் அங்கே நிஜமாகப் போடும் கோல், கொடுக்கும் பாஸ் எல்லாம் இங்கே நமக்குக் கணக்கு. பணம் கிடையாது. கடைசியில் வருகிறவர் எல்லோருக்கும் வாழை இலைச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வாய்த்ததைப் பாருங்கள். முதல் ஆள் டொராண்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ். போன வருடம் 69 கோல் போட்டவர், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். இந்த வருடம் அடிபட்டு அடிபட்டு உட்கார்ந்து 33 கோலோடு முடித்தார். அடுத்தது வேன்கூவரின் எலியாஸ் பெட்டர்சன். 2022-23-இல் கோலும் பாஸும் சேர்த்து 102 புள்ளி, அதற்கடுத்த வருடம் 89, இந்த வருடம் 45. நாற்பத்தைந்து! அணிக்குள் பூசல் என்றார்கள், ஜனவரி கடைசியில் அவரோடு ஒத்துப்போகாத சக ஆட்டக்காரர் மில்லரை நியூயார்க்குக்கே அனுப்பிவிட்டார்கள், இனிமேலாவது எழுந்துவிடுவார் என்று அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கோல்கீப்பர் நியூயார்க் ரேஞ்சர்ஸின் இகோர் ஷெஸ்டெர்கின். போன வருடம் 114 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்த அணி, இந்த வருடம் பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்ததும் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகள், அதன் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

இவ்வளவுக்கும் நான் சோம்பேறி இல்லை. எங்கள் செம்பனை ஆலையில் காலை ஷிப்டு 7-க்கு, உள்ளே கைப்பேசி கூடாது, 7.40-க்குப் பசியாற விடுவார்கள். கேன்டீன் பெஞ்சில் நாசி லெமாக் பொட்டலத்தை ஒரு கையால் பிரித்துக்கொண்டே, சம்பல் படாத சுண்டுவிரலால் அன்றைக்கு ஆடுகிறவர்களை மேலே ஏற்றுவேன், ஆடாதவர்களைக் கீழே இறக்குவேன். 8-க்குத்தான் ஆட்டம் தொடங்கும், தொடங்கியதும் பெயர் பூட்டிக்கொள்ளும், அதற்குள் முடித்துவிடுவேன். அக்டோபரில் கொஞ்சம் தடுமாறி நவம்பரில்தான் பிடித்தேன். மார்ச் தொடக்கத்தில் ஐந்தாம் இடம். அப்புறம் வரிசையாக ஐந்து வாரம் தோல்வி, ஒன்பதாம் இடம். பத்தாவது வந்தவர் ஜனவரியிலேயே குழுவை மறந்தவர், அவரால் என் இலை தப்பியது.

இப்போது பிளேஆஃப் பூல். எட்டு ஆட்டக்காரர், ஒரு கோல்கீப்பர். கோலுக்கு 1, பாஸுக்கு 1, கோல்கீப்பர் ஜெயித்தால் 2. ஒருமுறை எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியாது, அணி வெளியேறினால் அந்த ஆளும் போச்சு. நாளை இரவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும், ஞாயிறு காலை நம் நேரத்துக்கு முதல் ஆட்டம். யாரை எடுக்கலாம்? யாருக்கு இதில் அனுபவம்?

பழைய_கோல்கீப்பர் (ஈப்போ)
18 ஏப்ரல், இரவு 9.52

தம்பி, ஐஸ் என்றால் எனக்கு ஐஸ் கச்சாங்தான் தெரியும். ஆனால் ஏமாற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, ஹாக்கி இறுதி, அரையிறுதியில் இந்தியாவையே வெளியேற்றிவிட்டு வந்திருக்கிறோம், ஜப்பானோடு முன்னிலையில் இருந்த ஆட்டம் 6-6 ஆகி, சூட்அவுட்டில் தோற்றோம். தங்கமும் போச்சு, ஒலிம்பிக் இடமும் போச்சு. அன்றைக்கு என் வீட்டு டிவி ரிமோட் எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. நீங்கள் என்னவோ பெட்டர்சன் என்கிறீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் பதினைந்து வருடம் வலை காத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கோல்கீப்பருக்கு வெற்றிக்கு 2 புள்ளி என்றால் மற்ற எட்டுப் பேரையும் விட்டுவிட்டு முதலில் அவனைப் பாருங்கள். போன வருடம் கிண்ணம் ஜெயித்த அணிக்கு யார் கோல்கீப்பர்? அவன் இன்னும் நிற்கிறானா?

ஸ்கார்பரோ_சித்தப்பா
18 ஏப்ரல், இரவு 10.15

மகனே, ஊரைக் கூட்டிக் குடும்பக் கதையைச் சொல்கிறாயா, சரி. இந்த வருடம் டொராண்டோதான். எழுதி வைத்துக்கொள். முதல் சுற்று ஒட்டாவா, அது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் எட்டில் ஆறு பேரை டொராண்டோ லீஃப்ஸிலிருந்தே எடுக்கப்போகிறேன். 1967-க்குப் பிறகு கிண்ணம் வரவில்லை என்று எல்லோரும் கேலி செய்கிறீர்கள், வரும்போது என் வீட்டு வாசலில் தேங்காய் உடைக்கத்தான் போகிறேன், அப்போது பேசிக்கொள்வோம்.

கணக்கு_டீச்சர் (கோலகங்சார்)
18 ஏப்ரல், இரவு 10.48

என் வீட்டுக்காரர் கால்கரியில் படித்தவர், அந்தத் தொற்று எனக்கும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, ஃபேன்டசியில் ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம் உறுதி. பூலில் அது கிடையாது. 16 அணி, நாலு சுற்று, ஒவ்வொரு சுற்றும் நாலு வெற்றி எடுக்கும்வரை. ஒருவர் 4 ஆட்டத்தோடும் வீட்டுக்குப் போகலாம், 28 ஆட்டமும் ஆடலாம். டாம்பா பேயின் குச்செரோவ் இந்த வருடம் 121 புள்ளி, லீக்கிலேயே முதல், ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை. அவர் ஐந்து ஆட்டத்தில் வெளியேறினால் உங்களுக்கு ஏழோ எட்டோ. ஆட்டத்துக்கு ஒன்று எடுக்கும் சாதாரண ஆள் இறுதிவரை போனால் இருபதுக்கு மேல். அதனால் ஆளைப் பார்ப்பதற்கு முன் அணியைப் பாருங்கள்.

கிண்ணம் ஜெயிக்கிற அணியாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போன வருட இறுதியில் எட்மன்டன் 0-3 என்று பின்தங்கி, 3-3 ஆக்கி, ஏழாம் ஆட்டத்தில் ஃபுளோரிடாவிடம் தோற்றது. ஆனால் மெக்டேவிட்டுக்கு 42 புள்ளி, தோற்ற அணியில் இருந்தும் பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். பூலுக்கு அது போதும்.

புள்ளிப்பட்டியலில் முதலிடம் என்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 2019-இல் டாம்பா 62 வெற்றியோடு வந்து கொலம்பஸிடம் 4-0. 2023-இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே சாதனை, முதல் சுற்றில் ஃபுளோரிடாவுக்கு எதிராக 3-1 முன்னிலை, அப்புறம் மூன்றையும் விட்டார்கள்.

இன்னொன்று, கிழக்கில் ஒரு அணி, மேற்கில் ஒரு அணி என்று எடுங்கள். இரண்டும் இறுதியில்தான் சந்திக்கும். இந்த வருடம் டாம்பாவும் ஃபுளோரிடாவும் முதல் சுற்றிலேயே மோதுகின்றன, இரண்டிலிருந்தும் ஆள் எடுத்தால் உங்கள் வலது கையே இடது கையை வெட்டும்.

கடைசியாக, உங்கள் ஐந்து வாரத் தோல்வி. பெட்டர்சனை விடுங்கள். மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. டொராண்டோவில் மாலை 7 என்றால் குளிர்காலத்தில் நமக்குக் காலை 8, மார்ச்சுக்குப் பிறகு காலை 7. நீங்கள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கிழக்குப் பக்க ஆட்டங்கள் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அக்டோபர் தடுமாற்றமும் அதேதான், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் உங்கள் கை தானாகத் தேறிவிட்டது.

ஆலை_ஷிப்டுக்காரன்
18 ஏப்ரல், இரவு 11.20

டீச்சர், இதைப் படித்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மார்ச் 10 தொடங்கி ஒவ்வொரு வாரமாகத் திரும்பிப் பார்த்தேன். மேத்யூஸ் கோல் போட்ட இரண்டு நாளில் அவர் என் அணியின் பெஞ்சில், அதாவது கணக்கில் சேராத கீழ்ப் பட்டியலில், உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஏறவில்லையே என்று பார்த்தபோதெல்லாம் ஆலையில் லைன் மோசம் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அந்த ஸ்வீடன்காரர் பெட்டர்சனை ஐந்து வாரம் திட்டியிருக்கிறேன்.

என் பட்டியல்: மேற்கில் எட்மன்டன் ஆயிலர்ஸ். எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவன் எண்ணெய்க்காரர்களை விட்டுவிட்டு யாரை எடுப்பது? மெக்டேவிட், டிரைசைடல், பூஷார். கிழக்கில் ஃபுளோரிடா: ரைன்ஹார்ட், பார்கோவ், கச்சக். ஏழாவது மேத்யூஸ், அவருக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரம். எட்டாவது குச்செரோவ். தெரியும் டீச்சர், திட்டாதீர்கள், 121 புள்ளிக்காரரை விட மனசு வரவில்லை. கோல்கீப்பர் வின்னிபெக்கின் ஹெல்லபக், இந்த வருடம் 47 வெற்றி.

பழைய_கோல்கீப்பர்
19 ஏப்ரல், காலை 6.30

நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, நானே தேடிப் பார்த்தேன். ஃபுளோரிடா கோல்கீப்பர் பெயர் பாப்ரோவ்ஸ்கி, இன்னும் நிற்கிறார். கையுறை கையை விரித்து வைக்கும் விதத்தை நாலு வீடியோவில் பார்த்தேன், பிடித்திருக்கிறது. என்னையும் பூலில் சேர்த்துக்கொள்வீர்களா? மற்ற எட்டுப் பேரும் டீச்சர் சொன்ன கணக்குப்படி எட்மன்டனில் நாலு, ஃபுளோரிடாவில் நாலு. பெயர்களை உச்சரிக்கச் சொல்லாதீர்கள்.

ஆலை_ஷிப்டுக்காரன்
18 ஜூன் 2025, இரவு 8.40

இந்தத் திரியை மேலே இழுத்துவிடுகிறேன், இன்று காலையோடு எல்லாம் முடிந்தது. ஃபுளோரிடா 5-1, ரைன்ஹார்ட் ஒருவரே நாலு கோல், தொடர் 4-2, இரண்டாம் வருடமாகக் கிண்ணம் அவர்களுக்கு. எதிரணி அதே எட்மன்டன். டீச்சர் சொன்ன மாதிரியே தோற்ற பக்கத்தில் மெக்டேவிட்டுக்கும் டிரைசைடலுக்கும் ஆளுக்கு 33.

நான் மூன்றாம் இடம். முதலிடத்துக்கும் எனக்கும் 14 புள்ளி. ஹெல்லபக்கை செயின்ட் லூயிஸில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் பாதியிலேயே வெளியே கூப்பிட்டார்கள், மூன்றாவது தடவை எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. எப்படியோ அந்தச் சுற்றைத் தாண்டினார்கள், அடுத்த சுற்றில் டல்லாஸிடம் போனார்கள். மொத்தம் 6 வெற்றி, 12 புள்ளி. பாப்ரோவ்ஸ்கி 16 வெற்றி, 32. வித்தியாசம் 20. இதற்கு மேல் நான் என்ன எழுதுவது. குச்செரோவ் ஐந்தாம் ஆட்டத்தோடு வீட்டுக்கு. மேத்யூஸ் 13 ஆட்டத்தில் 3 கோல்.

முதலிடம் பழைய கோல்கீப்பர் ஐயா. போட்டி முடியும்வரை ஆஃப்சைடு என்றால் என்ன என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்.

கணக்கு_டீச்சர்
18 ஜூன், இரவு 9.05

எனக்கு இரண்டாம் இடம், அதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். கிழக்கில் ஃபுளோரிடா சரி, மேற்கில் டல்லாஸை எடுத்தேன். கொலராடோவோடு ஏழாம் ஆட்டம், ஞாயிறு காலை, கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதி தொடங்கியபோது டல்லாஸ் பின்தங்கி இருந்தது, வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்பலாம் என்றார். அதே பகுதியில் ரான்டனன் மூன்று கோல், அதுவும் ஜனவரியில் தன்னை அனுப்பிவிட்ட பழைய அணிக்கு எதிராக. அடுத்த தொடரின் முதல் ஆட்டத்திலும் மூன்று. அப்போதே மனசில் கிண்ணத்தைத் தூக்கிவிட்டேன். அப்புறம் எட்மன்டன் ஐந்தே ஆட்டத்தில் வெளியே தள்ளிவிட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, எடுத்த அணிதான் தப்பு. அன்றைக்கு மீன் வாங்கவும் பிந்திவிட்டது.

ஸ்கார்பரோ_சித்தப்பா
18 ஜூன், இரவு 10.30

நானே சொல்லிவிடுகிறேன், யாரும் தோண்ட வேண்டாம். ஃபுளோரிடாவோடு 2-0 முன்னிலை. அப்புறம் ஐந்தாம் ஆட்டம் சொந்த ஊரில் 1-6, ஏழாம் ஆட்டம் சொந்த ஊரில் 1-6. இரண்டுமே ஒரே எண்ணிக்கை, அதைப் பார்த்துத்தான் கூடுதல் எரிச்சல். ஆறு பேர் ஒரே ராத்திரியில் போனார்கள். வாங்கிய தேங்காய் சட்னிக்குப் போயிற்று. கடைசி இடம் நான்தான், இலைச் சாப்பாடு என் செலவு. தீபாவளிக்கு சிப்புட் வருகிறேன், கடை எது என்று நீங்களே பார்த்து வையுங்கள்.

ஆலை_ஷிப்டுக்காரன்
18 ஜூன், இரவு 10.41

கண்டிப்பாக வாருங்கள் சித்தப்பா. நண்டு கிடைக்கிற கடையாகப் பார்க்கிறேன். இந்த முறை அக்டோபரில் காலை 7, நவம்பர் 2-க்குப் பிறகு 8 என்று கேன்டீன் நாள்காட்டியில் சிவப்பில் எழுதிவிட்டேன். மேலாளர் அது என்ன ஷிப்டு என்று கேட்டார்.

பழைய_கோல்கீப்பர்
19 ஜூன், காலை 6.30

தீபாவளி இந்த வருடம் திங்கட்கிழமை. செவ்வாய் நான் சைவம். நண்டை புதன்கிழமை வையுங்கள்.