மணிக்கட்டு அறுவைக்கு நரம்பு பிளாக் போதுமா, முழு மயக்கம் வேண்டுமா?

நிலவன் (மயக்க மருத்துவம்):
மணிக்கட்டு உடைந்து பிளேட் வைக்க வருகிறவருக்கு எதற்கு முழு மயக்கம்? காறை எலும்புக்கு மேலே, கைக்குப் போகும் நரம்புக் கொத்தைச் சுற்றி மரப்பு மருந்தை ஊசியில் செலுத்தும் சுப்ராகிளாவிகுலர் பிளாக் ஒன்று போட்டால் கை மரத்துவிடும். தொண்டையில் குழாய் வேண்டாம், எழுந்ததும் குமட்டலும் இல்லை. இன்னும் முழு மயக்கத்தையே பிடித்துத் தொங்குவது பழக்கதோஷம்தான்.

எலும்புக்காரன்:
பழக்கதோஷமா? கத்தியை வைத்ததும் நோயாளி வெடுக்கென்று கையை இழுப்பதை எதிரில் நின்று பார்க்கிறவன் நான். சுண்டுவிரல் பக்கம் மரத்தே இருக்காது. கடைசியில் முழு மயக்கம்தான் கொடுப்பீர்கள். அதை முதலிலேயே கொடுத்தால் என்ன?

நிலவன்:
சுண்டுவிரல் மரக்காமல் விடுபடுவது கழுத்தில் போடும் இன்டர்ஸ்கேலீன் பிளாக்கில்தான் அதிகம். அது தோள்பட்டைக்கானது, சுண்டுவிரல் பக்கத்துக்கு வரும், கீழே இருக்கும் சி8, டி1 நரம்பு வேர்களுக்கு மருந்து சரியாக இறங்காது. மணிக்கட்டுக்கு அதைப் போட்டுவிட்டு பிளாக்கைத் திட்டக் கூடாது. இப்போது அல்ட்ராசவுண்டில் ஊசி முனையையும், நரம்புக் கொத்தைச் சுற்றி மருந்து பரவுவதையும் கண்ணாலேயே பார்க்கிறோமே.

மூச்சு:
குறுக்கே வருகிறேன். இன்டர்ஸ்கேலீனில் வழக்கமான அளவு மருந்து போட்டால் அந்தப் பக்க உதரவிதானம், அதாவது மூச்சை இழுக்கும் தசை, ஏறக்குறைய எல்லோருக்குமே செயலிழக்கும். சுப்ராகிளாவிகுலரிலும் பலருக்கு அப்படி ஆகிறது. நுரையீரல் கெட்டவருக்கு இது விளையாட்டில்லை.

நிலவன்:
அவருக்கு அக்குளில் போடுவேன். மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பை மட்டும் தனியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். விட்டால் முன்கையின் கட்டைவிரல் பக்கத் தோல் மரக்காது.

எலும்புக்காரன்:
ஊசி எங்கே என்பதோடு விஷயம் முடியவில்லை, டாக்டர். முன்கை நசுங்கி வந்தவருக்கு உள்ளே அழுத்தம் ஏறினால், விரலை நீட்டும்போது வரும் தாங்க முடியாத வலிதான் எங்களுக்கு முதல் எச்சரிக்கை. புபிவகைன் என்ற நீண்ட நேர மரப்பு மருந்தைப் போட்டு ராத்திரி முழுக்க மரத்துக் கிடக்கும் கையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தசை செத்த பிறகா?

நிலவன்:
அது நியாயமான பயம். அப்படிப்பட்ட கைக்கு உங்களிடம் பேசாமல் பிளாக் போட மாட்டேன். போட்டாலும் சீக்கிரம் விடுகிற லிக்னோகைன்தான். ஆனால் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டவருக்கும் அதே பயத்தைக் காட்டினால் எப்படி?

மூச்சு:
பிளாக் விடும்போது நடு ராத்திரியில் வலி பிய்த்து எடுக்குமே, அதையும் சொல்லுங்கள்.

நிலவன்:
உண்மைதான். மரப்பு விடும் முன்பே வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். இதை நோயாளியிடம் சொல்லாமல் அனுப்புவதுதான் தப்பு.

எலும்புக்காரன்:
சரி, வழுக்கி விழுந்தவருக்குப் போடுங்கள். விரல் விரலாகக் கிள்ளிப் பார்த்த பிறகுதான் கத்தியைத் தொடுவேன். நசுங்கின கைக்கு மட்டும் என் பதில் மாறாது.

நிலவன்:
தாராளமாகக் கிள்ளுங்கள். ஆனால் ஊசி போட்டு 20 நிமிடம் ஆகட்டும். ஐந்தாவது நிமிடமே கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றால் எந்த பிளாக்கும் பிடிக்காது.