க்ளிப் போட வரும் பிள்ளைக்கு முதல் நாளே சி.பி.சி.டி. ஸ்கேன்: சரியா, தவறா?

வேர்முனை:
பல்லுக்கு க்ளிப் போட வரும் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே முழு முக சி.பி.சி.டி. (கூம்புக் கதிரில் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. ஓ.பி.ஜி.யும் (தாடை முழுவதும் ஒரே தட்டைப் படமாக வரும் எக்ஸ்ரே) பக்கவாட்டுத் தலைப் படமும் தனித்தனியாக எடுக்கத் தேவையில்லை, இரண்டையும் இந்த ஒரு ஸ்கேனிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். புதைந்த பல் எங்கே கிடக்கிறது என்பதும் முதல் நாளே தெரிந்துவிடும்.

புற்றுநோய் பயத்துக்குக் கணக்கு இதோ. டோஸ், அதாவது உடம்பில் சேரும் கதிர்வீச்சின் அளவு, சுமார் 200 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்). இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளுக்கு 6.6 மைக்ரோசீவர்ட். ஆக ஒரு மாத அளவு. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐ.சி.ஆர்.பி. 2007-இல் தந்த புற்றுநோய் அபாய விகிதம் ஒரு சீவர்ட்டுக்கு 5.5 சதவீதம். பெருக்கினால் ஏறத்தாழ 90,000 பேரில் ஒருவர். உலகில் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வருகிறது. அந்தக் கூட்டத்தில் இந்த ஒருவரை எந்த ஆய்வும் பிரித்துக் காட்டாது.

அளவுமானி:
பெருக்கல் சரி, பெருக்கிய எண்தான் சரியில்லை. 5.5 சதவீதம் எல்லா வயதினரையும் சேர்த்த சராசரி. சி.பி.சி.டி.க்கான ஐரோப்பிய வழிகாட்டி, 30 வயதை ஒன்றாக வைத்து, 10 வயதுக்குக் கீழே மூன்று மடங்கும் 10 முதல் 20 வரை இரண்டு மடங்கும் போடச் சொல்கிறது. 50 தாண்டியவருக்கு 0.3 போதும். நீங்கள் பேசுவது 11 வயதுப் பிள்ளையைப் பற்றி. உங்கள் 90,000 அங்கேயே 45,000 ஆகிவிட்டது.

அடுத்து அந்த 200. சி.பி.சி.டி. என்பது ஒரே டோஸ் அல்ல. ஐந்து மைக்ரோசீவர்ட்டில் முடியும் ஸ்கேனும் உண்டு, ஆயிரத்தைத் தொடும் ஸ்கேனும் உண்டு. எந்த இயந்திரம், எவ்வளவு பரப்பு, எந்த அமைப்பு என்று சொல்லாமல் டோஸ் சொல்வது, எந்த வண்டி என்று சொல்லாமல் மைலேஜ் சொல்வது மாதிரி. நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் ஓ.பி.ஜி. 20 மைக்ரோசீவர்ட் அளவில்தான், பக்கவாட்டுப் படம் ஆறு. இரண்டும் சேர்ந்தாலும் முப்பதைத் தாண்டாது. ஆக டோஸைக் குறைக்கவில்லை, ஏழு மடங்கு கூட்டியிருக்கிறீர்கள்.

இயற்கைக் கதிர்வீச்சு நாள்கணக்கும் அரைகுறை ஒப்பீடுதான். அது உடம்பு முழுக்கப் பரவுவது. இங்கே உமிழ்நீர்ச் சுரப்பி, தைராய்டு, எலும்பு மஜ்ஜை, மூளையின் அடிப்பகுதி என்று ஒரு சாண் இடத்தில் முழுவதும் இறங்குகிறது. மொத்த டோஸைக் கணக்கிடும்போது உமிழ்நீர்ச் சுரப்பிக்கென்று தனி எடை 2007-இல்தான் கணக்கில் ஏறியது. அதே படம், அதே இயந்திரம், ஆனால் பழைய நூல்களில் உள்ள எண் சிறியது. அவற்றை எடுத்து இன்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கழுத்துக்காவல்:
ஈயக் கழுத்துப்பட்டையை யாரும் பேசவில்லையே? சிறு வயதில் கதிர்வீச்சு பட்ட தைராய்டு புற்றுநோய்க்கு எவ்வளவு எளிதில் இடம் கொடுக்கும் என்பது படர்தாமரைக்காகத் தலையில் கதிர்வீச்சு கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடமே தெரிந்தது. அங்கே தைராய்டுக்குச் சேர்ந்தது சராசரியாக 90 மில்லிகிரேதான் (கிரே என்பது ஓர் உறுப்பு உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு). அப்படியிருக்க, 2024-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஈய ஏப்ரனும் வேண்டாம், கழுத்துப்பட்டையும் வேண்டாம் என்று அறிவித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மாட்டிவிட அரை நிமிடம் ஆகுமா?

அளவுமானி:
தைராய்டு பற்றிய அக்கறை நியாயமானது, அதில் உங்கள் பக்கம்தான். பட்டை எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதில்தான் மாறுபடுகிறேன்.

ஓ.பி.ஜி.யில் கதிர் பின்கழுத்துப் பக்கமிருந்து சற்று மேல்நோக்கி வருகிறது. பட்டை குறுக்கே நின்றால் கீழ் முன்பற்கள் மேல் வெள்ளை நிழல் விழும், படத்தை மறுபடி எடுக்க வேண்டும், டோஸ் இரட்டிப்பு. சி.பி.சி.டி.யில் தானியங்கி அளவு கட்டுப்பாடு உள்ள இயந்திரமென்றால், புலத்துக்குள், அதாவது கதிர் படம் பிடிக்கும் பரப்புக்குள், ஈயம் தெரிந்ததும் உடம்பு தடிமனாக இருக்கிறது என்று எண்ணிக் கதிரை ஏற்றிவிடும். தைராய்டுக்குச் சேரும் சிதறல் பெரும்பாலும் தாடைக்குள்ளிருந்தே உடம்பு வழியாக இறங்குவது. வெளியே கட்டிய ஈயம் அதற்குத் தடையே அல்ல.

பட்டைக்கு இன்னும் நியாயம் மிஞ்சுவது ஒரே இடத்தில்: வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படத்துக்கு, கதிரை வட்டமாக விடும் வட்டக் குழாய் வைத்து, மேல் முன்பற்களுக்குக் கோணத்தைச் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுக்கும்போது. அப்போது நேர்க் கதிரே கழுத்தைப் பார்க்கிறது. அங்கேயும் முதலில் மாற்ற வேண்டியது குழாயை. முழு வாய்க்கும் சிறு படங்கள் எடுத்தால் வட்டக் குழாயில் 171 மைக்ரோசீவர்ட், செவ்வகக் குழாயில் 35 என்று அளந்திருக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு. எந்த ஏப்ரனும் இதைச் செய்யாது. ஆனாலும் செவ்வகக் குழாயைப் பலர் தொடுவதில்லை. சற்றுத் தவறினாலும் படத்தின் ஓரம் வெட்டுப்படும் என்ற பயம். தாங்கியில் திசைகாட்டி வளையம் மாட்டிக் குழாயை அதோடு பொருத்தினால் அந்தப் பயம் பெரும்பாலும் தீரும்.

வேர்முனை:
வயது மடங்கை விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனைக்கும் அடியில் இருப்பது, அணுகுண்டு வீச்சில் தப்பியவர்களின் தரவிலிருந்து, டோஸ் குறையக் குறைய அபாயமும் அதே விகிதத்தில் குறையும் என்று பூச்சியம் வரை இழுத்த ஒரு நேர்கோடு. பல் படங்களையே நேரடியாகப் பார்த்த ஆய்வு என்று எல்லோரும் காட்டுவது 2012-இல் வந்த மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் கட்டி) ஆய்வு. 1,433 நோயாளிகள், எத்தனை படம் எடுத்தீர்கள் என்று நினைவிலிருந்து சொன்னது. கட்டி வந்தவர் பழசைத் துருவி நினைப்பார், வராதவர் நினைக்கமாட்டார். கடிப்புப் படத்தில் (பற்களைக் கடித்தபடி எடுக்கும் சிறு படம்) தொடர்பு தெரிந்ததாம், அதைவிட டோஸ் கூடிய முழு வாய்ப் படத்தில் தெரியவில்லையாம். டோஸ் கூடக்கூட அபாயம் கூட வேண்டாமா?

அளவுமானி:
அந்த ஆய்வை நானும் சான்றாக வைக்கமாட்டேன். நீங்கள் சொன்ன இரண்டு ஓட்டைகளும் உண்மை. ஆனால் 2023-இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் சி.டி. எடுத்த 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இளவயதினரைத் தொடர்ந்த ஆய்வில் யார் நினைவும் தேவைப்படவில்லை, மருத்துவமனைப் பதிவே ஆதாரம். அங்கே ரத்தப் புற்றுநோய் அபாயம் டோஸோடு சேர்ந்து ஏறியது. பல் ஸ்கேனில் மஜ்ஜைக்குச் சேர்வது அதைவிட மிகக் குறைவு, அதனால் அபாயமும் அதற்கேற்பச் சிறியதுதான். சிறியது என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். இல்லவே இல்லை என்று எழுதாதீர்கள். ஒரு பயனும் தராத ஸ்கேனுக்குச் சிறிய அபாயம்கூட அதிகம்.

வேர்முனை:
பயன் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? புதைந்த கோரைப்பல் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அண்ணப் பக்கமாகத் தின்றுகொண்டிருந்தால் தட்டைப் படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், தெரியாது. தெரியும்போது வேர் பாதி போயிருக்கும்.

அளவுமானி:
அந்தப் பிள்ளைக்கு எடுங்கள், நானே எடுக்கச் சொல்வேன். பத்து வயதில் ஈறுக்கு வெளியே கோரைப்பல் மேடு விரலுக்குத் தட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் தட்டாவிட்டால் ஓ.பி.ஜி. எடுங்கள். அதில் கோரைப்பல் பக்கத்து வேரின் மேல் ஏறிக் கிடந்தால்தான் சி.பி.சி.டி. தேவை. அதுவும் முழு முகம் வேண்டாம். 5க்கு 5 செ.மீ. புலம், மேல்தாடை மட்டும். கீழ்த்தாடை புலத்துக்குள் வந்தால்தான் தைராய்டு பக்கத்தில் வருகிறது.

எடுக்கும்போது 360 பாகைச் சுற்றுக்குப் பதில் 180 வைத்தால் டோஸ் ஏறக்குறைய பாதி. இருப்பிடம் பார்க்க அது போதும். வாக்ஸெலை (முப்பரிமாணப் படத்தின் புள்ளி அளவு) மிக நுண்ணியதாக வைத்தால் படத்தில் இரைச்சல், அதாவது புள்ளிப்புள்ளியான கலங்கல், ஏறும், அதை அடக்க மில்லியாம்பியரை (கதிரின் அளவைத் தீர்மானிக்கும் மின்னோட்டம்) ஏற்றத் தோன்றும். முன்னிருப்பில் கிடக்கும் பெரியவர் அமைப்பை மாற்றாமல் பொத்தானை அழுத்துவதுதான் பிள்ளைகளிடம் அதிகம் நடக்கும் தவறு. தலையைக் கட்டிப் பிடித்து, அசையாமல் இருக்க முடியுமா என்று கதிர் இல்லாமல் ஒரு ஒத்திகைச் சுற்று விட்டுப் பாருங்கள். அசைந்து கெட்ட ஸ்கேன், எடுக்காத ஸ்கேனைவிட மோசம்.

கழுத்துக்காவல்:
கடிப்புப் படம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்று சொல்லும் இடங்கள் உண்டே, அதுவும் இந்த வகைதானா?

அளவுமானி:
சொத்தை ஆபத்து அதிகமுள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதம், பழைய அமெரிக்க அட்டவணையிலும் அப்படித்தான். ஆபத்து குறைந்த பெரியவருக்கு அதே அட்டவணை 24 முதல் 36 மாதம் என்கிறது. ஆளைப் பார்க்காமல் நாள்காட்டியைப் பார்த்து எடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். பாஸ்பர் தகடு (பிலிமுக்குப் பதிலாக வரும் டிஜிட்டல் தகடு) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பிலிமில் அளவு கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். தகட்டில் கூடினால் படம் இன்னும் அழகாக வரும், மென்பொருள் சமன்செய்துவிடும். அதனால் மாதாமாதம் யாருக்கும் தெரியாமல் டோஸ் ஏறும். படம் லேசாகப் புள்ளி தட்டும் வரை வினாடியைக் குறைத்து, நோயறியப் போதுமான மிகக் குறைந்த நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், பிள்ளைக்குத் தனி வரி, பெரியவருக்குத் தனி வரி.

வேர்முனை:
மேல்தாடை மட்டும், 180 பாகை, தடவிப் பார்த்த பிறகு. இந்த மூன்றையும் ஏற்கிறேன். ஆனால் தாடை அறுவைக்குப் போகப்போகும் பிள்ளை, அண்ணப் பிளவோடு வரும் பிள்ளை, இவர்களுக்குப் பெரிய புலம் தேவை என்பதை நீங்களும் எழுதியிருக்க வேண்டும்.

அளவுமானி:
தேவைதான். அங்கேயும் 0.4 மி.மீ. வாக்ஸெலும் குறைந்த மில்லியாம்பியரும் போதும். அறுவைத் திட்டத்துக்கு எலும்பின் வடிவம் தெரிந்தால் சரி, வேரின் நுனி தெரிய வேண்டியதில்லை.