கிளைடர் பயிற்சி: திருப்பங்களில் விலகும் கம்பளி நூல் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் பணிபுரியும் நான், வார இறுதிகளில் இங்குள்ள ஒரு சங்கத்தில் ஏஎஸ்கே 21 என்னும் இரட்டை இருக்கைக் கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) பறக்கக் கற்று வருகிறேன். தரையிலுள்ள வின்ச் பொறி சுருட்டும் கம்பி எங்களை மேலே இழுத்துவிட்டுக் கழன்றதும் காற்றின் ஓசை மட்டுமே எஞ்சும் அந்த நொடிக்காக வாரம் முழுவதும் காத்திருக்கிறேன்.

என் சிக்கல் திருப்பங்களில்தான். இடப்புறம் திரும்பக் கைப்பிடியைச் சாய்க்கும்போது, உயரும் வலச்சிறகில் காற்றின் தடை கூடி மூக்கு வலப்பக்கம் இழுபடுகிறது. சிறகுகள் நீளமானவை என்பதால் இது கிளைடரில் அதிகம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டக் கண்ணாடி மூடியின் மேல் ஒட்டியுள்ள சிவப்புக் கம்பளி நூலின் வால் உடனே வலப்புறம் ஓடுகிறது. இடக்கால் மிதியை அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கால் எப்போதும் கையைவிட அரை நொடி தாமதமாகவே அசைகிறது. நூலையே பார்த்துக்கொண்டிருந்தால் வேகமும் அடிவானமும் கவனத்திலிருந்து தப்பிவிடுகின்றன.

உரிமத்துக்கு 15 மணி நேரப் பயிற்சியும் 45 ஏவுதல்களும் வேண்டும். 38 ஏவுதல்கள் முடிந்தும் நான் இன்னும் தனியாகப் பறக்கவில்லை. கிளைடரை மேலே தூக்கும் வெப்பக்காற்று கிடைக்காத நாட்களில் ஒரு பறத்தல் ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடுவதால் பழகிக்கொள்ள நேரமே போதவில்லை.

இதே நிலையைக் கடந்து வந்தவர்கள், கையையும் காலையும் ஒன்றாகப் பழக்கிய விதத்தைக் கூறுங்கள். வீட்டில் மிதிகளுடன் சிமுலேட்டரில் பழகுவது உதவுமா, அல்லது விடுப்பெடுத்து ஒரு வாரம் தொடர்ந்து பறப்பதே நல்லதா?