கேமரா போடணுமா, வேண்டாமா? புதுசா கேம் ஸ்ட்ரீம் ஆரம்பிக்கிற பொண்ணுக்கு என்ன சொல்வீங்க?

புதுவரவு:
வணக்கம். நாலு வருஷமா வாலரண்ட்ங்கிற துப்பாக்கிச் சுடும் அணி ஆட்டம் ஆடுறேன், இப்போ பிளாட்டினம் ரேங்க். அடுத்த மாசம் ட்விட்ச்ங்கிற நேரலைத் தளத்துல ஸ்ட்ரீம் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். திரையை ஸ்ட்ரீமுக்கு அனுப்புற ஓபிஎஸ் மென்பொருள் போட்டாச்சு, மைக் வாங்கியாச்சு. ஒரே ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. கூட ஆடுற தோழி, "ஆறு மாசத்துக்கு முகத்தையும் காட்டாத, வாய்ஸ் சாட்லயும் வாயைத் திறக்காத"ங்கிறா. இன்னொருத்தர், "கேமரா இல்லாத சேனலை யார் பார்ப்பா"ங்கிறார். ரெண்டு பேருமே நல்லதுக்குத்தான் சொல்றாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தலைவலி_தாமு:
பொண்ணுக்குன்னு தனி அறிவுரை எதுக்கு? ஆட்டமும் பேச்சும் நல்லா இருந்தா ஆள் வரும், இல்லாட்டி வராது. நானும் ரெண்டு வருஷமா ஸ்ட்ரீம் பண்றேன், திட்டு வாங்காத நாளே கிடையாது. மியூட் பட்டன் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

நிஜமான தலைவலி வேற. வாலரண்ட் பக்கத்தைத் திறந்தா கூட்டம் இருக்கிற சேனல் மேல, புதுசா வந்தவங்க பாதாளத்துல. ஸ்க்ரோல் பண்ணிப் பண்ணி விரல் தேய்ஞ்சாலும் உங்க பேர் கண்ணுல படாது. ட்விட்ச்ல உக்காந்துகிட்டே ட்விட்ச்ல வளர முடியாது. தினம் ஒரு சின்ன கிளிப் வெட்டி யூடியூப் ஷார்ட்ஸ்ல போடுங்க, ஆள் அங்கேருந்துதான் வரும். வாரத்துல ரெண்டு நாள் கூட்டம் கம்மியா இருக்கிற சின்ன கேம் ஏதாவது ஆடுங்க. முகம், குரல் எல்லாம் அப்புறம்.

நள்ளிரவுநரி:
தாமு, ரெண்டாவது பத்தி மொத்தமும் சரி. முதல் பத்தி மொத்தமும் தப்பு.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்"னு நீங்க சொல்றதை ஏற்கெனவே ஆராய்ச்சியே பண்ணிப் பார்த்துட்டாங்க. ஹேலோ 3ங்கிற துப்பாக்கிச் சுடும் கேம்ல, முன்னாடியே பதிவு பண்ணி வெச்ச சாதாரண வாக்கியங்களை ஒரு தடவை ஆண் குரல்ல, ஒரு தடவை பெண் குரல்ல ஓடவிட்டாங்க, ஒரு தடவை குரலே இல்லாம ஆடினாங்க. 2013ல வந்த கட்டுரை. பெண் குரலுக்கு விழுந்த வசவு மூணு மடங்கு. பேசினது என்னவோ அதே பேச்சுதான். 2015ல அதே பதிவுகளை இன்னொரு கோணத்துல பார்த்தாங்க. நல்லா ஆடுற ஆண்கள் பெண் குரல்கிட்ட மரியாதையாவே நடந்துக்கிட்டாங்க. மோசமா ஆடினவன்தான் பாய்ஞ்சிருக்கான். உங்களை "அன்இன்ஸ்டால் பண்ணு"ங்கிறான். என்னை என்ன சொல்றான்னு இங்கே எழுதினா இந்த இழையையே பூட்டிடுவாங்க.

தலைவலி_தாமு:
அக்கா, ஒரே ஒரு பழைய கேமை வெச்சு ஊரையே எடை போடறீங்க. சரி, மூணு மடங்குன்னே வெச்சுக்குவோம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் சொன்னா அந்தப் பொண்ணு மைக்கைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடும். பயம் காட்டுறது அறிவுரை ஆகுமா?

முகமூடி:
பயம் காட்டுவது வேறு, குழி இருக்கும் இடத்தைக் காட்டுவது வேறு. என் கருத்து எளிமையானது. காட்டாத முகத்தை எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். காட்டிய முகத்தைத் திரும்ப வாங்க முடியாது. நான் மூன்று வருடமாக வரைந்த உருவத்தை வைத்துத்தான் ஸ்ட்ரீம் செய்கிறேன். வெப்கேம் என் முகத்தைப் பார்க்கும், திரையில் பொம்மை சிரிக்கும். அதுவும் சிரமமென்றால் இரண்டே படம் போதும்: வாய் மூடிய படம் ஒன்று, வாய் திறந்த படம் ஒன்று. மைக்கில் சத்தம் வந்தால் படம் மாறும்.

கேமரா இல்லாமல் யார் பார்ப்பார்கள் என்று கேட்டவருக்கு: அயர்ன்மவுஸ் என்ற விடியூபர் (முகத்துக்குப் பதில் வரைந்த உருவத்தைக் காட்டும் ஸ்ட்ரீமர்) 2024 செப்டம்பரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாக்களோடு ட்விட்சின் அன்றைய சாதனையை முறியடித்தார். முகத்தைக் காட்டி அல்ல.

தலைவலி_தாமு:
அவங்க 2017லேருந்து ஸ்ட்ரீம் பண்றவங்க. ரெண்டே மாசத்துல காய் செனட்ங்கிற அமெரிக்க ஸ்ட்ரீமர் அந்தச் சாதனையைத் திரும்பப் பிடிச்சிட்டார், அதையும் சொல்லுங்க. உச்சாணிக் கொம்புல இருக்கிறவங்களைக் காட்டி, விதை போட வந்தவங்களுக்கு வழி சொல்லக் கூடாது.

கண்ணாடிக்காரி:
நான் முதல் நாள்லேருந்தே கேமரா போட்டவ. எனக்குப் பொறுக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. பொண்ணுங்களுக்குச் சொல்ற பாதுகாப்பு அறிவுரை எதை எடுத்தாலும் "நீ ஒளிஞ்சுக்கோ"ன்னே முடியுது. முகத்தை மறை, குரலை மறை, பேரை மறை. வம்பு பண்றவன்கிட்ட யாரும் எதையும் மறைக்கச் சொல்றதில்ல.

இன்னொண்ணும் இருக்கு. முகத்தை மறைச்சா தொல்லை குறையும்னு யார் சொன்னது? குரல் கேட்ட மறு நிமிஷமே "முகத்தைக் காட்டு" ஆரம்பிச்சிடும். மறைச்சு வெச்சா அதைக் கண்டுபிடிக்கிறதே அவனுங்களுக்கு ஒரு விளையாட்டு. நானா காட்டின முகத்துல கண்டுபிடிக்க என்ன இருக்கு? என் கண்ணாடிக்குப் பவர் ஜாஸ்தி, மூக்குல பரு வந்தா அதுவும் தெரியும், அவ்வளவுதான்.

முகமூடி:
2023 ஜனவரியில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? பிரபலமான பெண் ஸ்ட்ரீமர்களின் முகத்தை ஆபாச வீடியோக்களில் ஒட்டி ஒரு தளம் பணம் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு ஸ்ட்ரீமரின் பிரவுசரில் அந்தப் பக்கம் திறந்திருந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. அந்தப் பெண்கள் செய்த தவறு என்ன? ஸ்ட்ரீமில் முகம் இருந்தது, அவ்வளவுதான். எங்கிருந்து வேண்டுமானாலும் படத்தை எடுப்பார்கள் என்பீர்கள். மணிக்கணக்கில், நல்ல வெளிச்சத்தில், எல்லாக் கோணத்திலும் நாமே ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

கண்ணாடிக்காரி:
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அது நிஜம். ஆனா 2021ஐயும் பாருங்க. அந்த ஆகஸ்ட்ல ட்விட்ச்ல பாட் கணக்குகளை, அதாவது தானா இயங்குற போலிக் கணக்குகளை, நூத்துக்கணக்குல இறக்கிவிட்டு, ஸ்ட்ரீமர்களோட சாட் முழுக்க வசவைக் கொட்டிட்டு ஓடினாங்களே. செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்ட்ரீமர்கள் ஒரு நாள் கடையைச் சாத்தினாங்க. அந்த மாசக் கடைசியில சாட்ல எழுதறவங்களுக்கு ஃபோன் நம்பர் சரிபார்ப்பு வந்துச்சு, அடுத்த வருஷம் பாதுகாப்பு அமைப்புகளை ஒரே அழுத்துல போடுற ஷீல்ட் மோடு வந்துச்சு. எல்லாரும் ஒளிஞ்சிருந்தா அது வந்திருக்குமா?

பச்சைவாள்:
நான் ஸ்ட்ரீமர் இல்லை. இரண்டு பெண்களின் சேனலில் ஐந்து வருடமாக மாடரேட்டர், அதாவது சாட்டைக் காவல் காப்பவர். உங்கள் சண்டை சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் எந்த விபத்தும் முகத்தால் நடக்கவில்லை.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அவர் கேமரா போடாதவர், பெயர் சொல்லாதவர், ரொம்பக் கவனமான ஆள். ஓபிஎஸ்ஸில் ஆட்டத்தை மட்டும் காட்டும் கேம் கேப்சருக்குப் பதிலாக, திரை முழுவதையும் காட்டும் டிஸ்ப்ளே கேப்சர் வைத்திருந்தார். ஒரு இரவு ஆட்டத்தின் நடுவே திரையின் வலது மூலையில் ஒரு அறிவிப்பு எழும்பியது: அவர் ஆர்டர் செய்த பார்சல் மறுநாள் வரும் என்று, முழுப் பெயரோடும் கதவு எண்ணோடும். நான்கு நொடிதான் இருந்திருக்கும். அவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார், கவனிக்கவே இல்லை. சாட்டில் ஒருவர் அந்தத் தெருப் பெயரை மட்டும் தட்டச்சு செய்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் அந்த வரியை அழித்துவிட்டு, அவருடைய ஃபோனுக்கு அழைத்து ஸ்ட்ரீமை நிறுத்தச் சொன்னேன். பதிவை நீக்கினோம், கிளிப்புகளை நீக்கினோம். யார் யார் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

ஆகவே புதுவரவு, கேமராவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கேம் கேப்சர் மட்டும் வையுங்கள். ஆட்டத்தை விட்டு வெளியே வந்தால் பார்ப்பவருக்கு உங்கள் டெஸ்க்டாப் தெரியக் கூடாது. கணினியில் ஸ்ட்ரீமுக்கென்றே தனிப் பயனர் கணக்கு திறங்கள். அதில் உங்கள் மெயிலோ மெசஞ்சரோ இருக்கக் கூடாது. புது மின்னஞ்சல், எல்லாவற்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. நன்கொடை வாங்குவதாக இருந்தால் பேபாலில் தனிநபர் கணக்கு வேண்டாம், பணம் அனுப்புபவருக்கு உங்கள் நிஜப் பெயர் தெரிந்துவிடும். வணிகக் கணக்கில் நீங்கள் வைத்த பெயர் தெரியும். ஜன்னலுக்கு எதிரே உட்காராதீர்கள். கேமரா போட்டால் பின்னால் இருப்பதைப் பாருங்கள், போடாவிட்டால் மைக்கில் என்ன விழுகிறது என்று கேளுங்கள். வாசலில் யாராவது உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது சாட்டுக்கும் கேட்கும்.

தடைச் சொற்கள் பட்டியல் பெரிய வேலை. தமிழில் திட்டுபவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் திட்டுகிறார்கள், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். இயந்திரம் அதைப் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். சொல்லின் முதல் நான்கைந்து எழுத்தைப் போட்டு ஒரு நட்சத்திரக் குறி வையுங்கள், மிச்சத்தை எப்படி எழுதினாலும் சிக்கும். எங்கள் பட்டியலை நானும் அந்த இரு பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினோம். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கெட்ட வார்த்தை அன்றைக்குத்தான் எழுதினேன்.

கடைசியாக: "என்னை மாட் ஆக்குங்க" என்று கேட்டு வருபவருக்கு ஒருநாளும் மாடரேட்டர் பெயருக்குப் பக்கத்தில் வரும் அந்தப் பச்சை வாளைக் கொடுக்காதீர்கள்.

நள்ளிரவுநரி:
பச்சைவாளுக்கு ஒரு கும்பிடு. அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டுக்கோங்க.

பணத்தைப் பத்தி நான் பட்டதைச் சொல்றேன். முதல் வருஷம் ஒருத்தர் தினமும் வருவார். அமைதியானவர், ராத்திரி கிளம்பும்போது கொஞ்சம் நன்கொடை போட்டுட்டுப் போவார். நானும் அவர் பேரைச் சொல்லி ரெண்டு தடவை நன்றி சொல்வேன். மூணு மாசம் கழிச்சு ஒரு தனிச் செய்தி: "இவ்வளவு கொடுத்திருக்கேன், ஒரு ஹாய்க்குக்கூட பதில் இல்லையா?" ஏத்துக்கிட்டுப் பதில் போட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு. அடுத்த வாரம் "அந்தப் பையன்கூட ஏன் ஆடின"ன்னு கேட்டார். பேன் பண்ணினேன். போட்ட பணம் மொத்தத்தையும் புகார் கொடுத்துத் திரும்ப வாங்கிட்டார், அபராதக் கட்டணம் என் தலையில. போக்கிமேன்ங்கிற பிரபல பெண் ஸ்ட்ரீமர் 2020ல நன்கொடைக்கு 5 டாலர்னு உச்சவரம்பு வெச்சப்போ பலரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

தலைவலி_தாமு:
அவங்க வேணாம்னு சொல்லலாம், சம்பாதிச்சாச்சு. புதுசா வர்றவங்களுக்கு அந்த நாலு காசுதான் உற்சாகமே. எனக்கு வந்த முதல் நன்கொடையோட ஸ்க்ரீன்ஷாட்டை இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன்.

நள்ளிரவுநரி:
வாங்க வேணாம்னு நான் எங்கே சொன்னேன்? ஒரே ஆள் தூணா நிக்கிற மாதிரி விடாதீங்கங்கிறேன். உங்களுக்கு நன்கொடை போட்டவன் யாராவது "நேத்து யாரோட ஆடின"ன்னு கேட்டிருக்கானா?

தலைவலி_தாமு:
…இல்ல.

நள்ளிரவுநரி:
அது போதும். இப்போ வாய்ஸ் சாட். பேசாம ஆடச் சொன்ன தோழிகிட்ட எனக்கு உடன்பாடு இல்ல. வாலரண்ட்ல வாயை மூடிக்கிட்டு ஆடினா பாதி ஆட்டம் போச்சு. ஸ்ட்ரீமுங்கிறதே பேச்சுதான். பார்வையாளர் எண்ணை மறைச்சு வெச்சுட்டு, ஆள் இல்லாட்டியும் "இந்தப் பக்கம் ஏன் போறேன்னா"ன்னு வாய்விட்டு நினைச்சுப் பழகுங்க. ஆனா முதல் மாசம் தெரிஞ்ச ரெண்டு பேரையாவது சேர்த்துக்கிட்டு ஆடுங்க. அணியில ஒருத்தன் ஆரம்பிச்சா பக்கத்துல இன்னொரு குரல் இருக்கணும். விளையாட்டு அமைப்புல பேரை மறைக்கிற வசதி இருக்கு, போட்டுக்கோங்க. ஸ்ட்ரீமைப் பார்த்துக்கிட்டே எதிரணியில வந்து உங்களைத் தேடிச் சுடறவனுங்க வருவானுங்க. ஓபிஎஸ்ல கொஞ்சம் தாமதம் வெச்சா அது குறையும், ஆனா சாட்கூட உரையாடல் இழுக்கும். ஸ்ட்ரீமுக்குப் போற சத்தத்துல அணிக் குரலைத் தனித் தடமா பிரிச்சு வைங்க. எவனாவது கத்தினா அவன் கத்துறது உங்க காதோட போகட்டும், சேனல்ல விழ வேண்டாம்.

கண்ணாடிக்காரி:
நரி அக்கா, அவன் கத்துறதைச் சேனல் கேக்கட்டுமே! நான் விடுவேன். கேட்டுட்டு என் சாட்டே அவனைக் கிழிச்சுத் தோரணம் கட்டும்.

நள்ளிரவுநரி:
உன் சாட்ல இருநூறு பேர் இருக்காங்க. இவங்க சாட்ல முதல் மாசம் மூணு பேர் இருப்பாங்க. அதுல ஒருத்தன் அவனோட சேர்ந்துட்டா?

புதுவரவு (ஒன்பது நாள் கழித்து):
எல்லாருக்கும் நன்றி. நேத்து முதல் ஸ்ட்ரீம், ரெண்டு மணி நேரம். முகத்துக்குக் கேமரா போடலை. கீபோர்டையும் கையையும் மட்டும் காட்டினேன். தடைச் சொல் பட்டியல் எழுதினேன், அம்மா பின்னாடி வந்து நின்னதால பாதியில நிறுத்த வேண்டியதாப் போச்சு. அதிகபட்சம் நாலு பேர் பார்த்தாங்க. அதுல ஒண்ணு என் ஃபோன், ஒண்ணு தோழி, ஒண்ணு பச்சைவாள் அண்ணன். பதினொண்ணாவது நிமிஷத்துல நாலாவது ஆள் வந்து "முகத்தைக் காட்டு"ன்னு ஆரம்பிச்சார். நான் பதில் சொல்லலை. மூணாவது தடவை கேட்டதும் அண்ணன் பத்து நிமிஷம் டைம்அவுட் போட்டார்.

கண்ணாடிக்காரி:
பார்த்தீங்களா? மறைச்சா தேடத்தான் செய்வாங்க.

முகமூடி:
தேடினார், கிடைக்கவில்லை.

தலைவலி_தாமு:
பதிவை இப்பத்தான் பார்த்தேன். கை, முகம்னு பேசிக்கிட்டே இருக்கீங்க, ஸ்ட்ரீம் ஒன்றரை மணி நேரம் ஓடினப்போ ஒத்தையா நின்னு மூணு பேரைச் சாய்ச்சாங்களே, அதை யாராவது பேசுறீங்களா? புதுவரவு, அதைக் கிளிப் எடுத்தீங்களா?

புதுவரவு:
இல்லையே. எப்படி எடுக்கறது?

தலைவலி_தாமு:
பதிவைத் திற, அந்த இடத்துல நிறுத்து, ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்து. இன்னிக்கே ஷார்ட்ஸ்ல போட்டுடு, பதிவு ரொம்ப நாள் இருக்காது.