பொங்கலுக்குள் வெள்ளையடிக்கணும்: ஹால் சுவரில் மூன்றடிக்கு ஓதம், அப்படியே பட்டி பார்க்கலாமா?

திண்ணைவீடு:
கும்பகோணம் பக்கம், 1988-இல் கட்டிய சின்ன வீடு. 9 அங்குலச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம். ஹால் 10-க்கு 12, உயரம் 10 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். ஆள் வைக்காமல் வீட்டில் உள்ளவர்களே பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாவு) பார்த்து எமல்ஷன் அடிப்பதாக இருக்கிறோம்.

சந்துப் பக்கம் இருக்கிற 12 அடிச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி வரை பெயிண்ட் உப்பி நிற்கிறது. தொட்டால் மாவாகக் கொட்டுகிறது, வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. மற்ற மூன்று சுவரும் நன்றாக இருக்கின்றன. சுரண்டிவிட்டு டாம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதுமா? நாலடிக்கு டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார்கள், பிவிசி பேனல் அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. பட்டி, ப்ரைமர், பெயிண்ட் எவ்வளவு வாங்கணும்? கதவு, ஜன்னலில் பழைய எனாமல் இருக்கிறது. அதையும் தேய்த்து அடிக்கணும்.

கொத்துக்கரண்டி:
பெயிண்டை அப்புறம் பார்க்கலாம் சார். முதலில் சந்தில் போய் நின்று பாருங்கள். வெளித்தரை உங்கள் ஹால் தரைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? சிமெண்ட் தளம் ஏதும் புதிதாகப் போட்டிருக்கிறீர்களா?

ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா, பைப் கசிவா என்பதும் தெரியணும். தரையை ஒட்டி ஒரே மட்டத்தில் சுவர் நெடுக இருந்தால் மண் ஈரம் ஏறுகிறது. இரண்டு மூன்றடி உயரத்தில் திட்டாகத் தொடங்கினால் பைப்பைச் சந்தேகப்படுங்கள். சந்தேகமிருந்தால், நல்ல பூச்சு உள்ள இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்தால் அது காற்றில் உள்ள ஈரம்.

டைல்ஸும் பேனலும் வேண்டவே வேண்டாம். நாலடிக்கு மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஐந்தடிக்கு ஏறும். பேனலுக்குப் பின்னால் மரச்சட்டம் அடித்திருந்தால் கரையானுக்கு விருந்துதான்.

திண்ணைவீடு:
சுவர் நெடுக ஒரே மட்டம்தான், பைப் எதுவும் அந்தப் பக்கம் இல்லை. நான்கு வருடம் முன்பு சந்தில் சிமெண்ட் தளம் போட்டோம். இப்போது அது ஹால் தரைக்கு 2 அங்குலம்தான் கீழே இருக்கிறது.

கொத்துக்கரண்டி:
காரணம் அதேதான். பேஸ்மட்டத்தில், மண் ஈரம் சுவரில் ஏறாமலிருக்கப் போட்டிருக்கும் ஈரத்தடுப்பு அடுக்குக்கு வெளித்தரை குறைந்தது 6 அங்குலமாவது கீழே இருக்கணும். உங்கள் தளம் கிட்டத்தட்ட அதன் மட்டத்துக்கே வந்துவிட்டது. மழைத்தண்ணீர் தளத்தில் தெறித்து, தடுப்புக்கு மேலே உள்ள செங்கலையே நனைக்கிறது. தெருவில் ரோட்டு மேல் ரோடு போட்டு உயர்த்திய ஊர்களில் பாதி வீட்டுக்கு இதே கதை.

சுவரை ஒட்டி 9 அங்குல அகலத்துக்குத் தளத்தை வெட்டி எடுங்கள். ஹால் தரைக்கு ஓரடி கீழே வரை தோண்டி, அதில் 6 அங்குலத்துக்கு மட்டும் முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி விடுங்கள். மேலே சிமெண்ட் போட்டு மூடாதீர்கள். மீதித் தளம் சுவரைப் பார்த்துச் சரிந்திருந்தால் ஓட்டத்தை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். வெளிப்பூச்சு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த அடிப்பகுதியையும் கொத்தி எடுக்கணும், இல்லையென்றால் தடுப்பைத் தாண்டிப் பூச்சு வழியாகவே ஏறும்.

உள்ளே, கறை நிற்கிற உயரத்துக்கு மேல் இன்னும் ஒன்றரை அடி சேர்த்து, அதாவது நாலரை அடி வரை பூச்சைக் கொத்துங்கள். செங்கல் இடுக்கை அரை அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். அப்புறம் ஒண்ணுக்கு நாலு (சிமெண்ட் 1, மணல் 4) கலவையில், சிமெண்ட் மூட்டைக்கு 200 மி.லி. வாட்டர்ப்ரூஃப் லிக்விட் கலந்து பூசிவிடலாம்.

காரைச்சுவர்:
வெளியே சொன்னதெல்லாம் சரி. உள்பூச்சில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒண்ணுக்கு நாலு, அதிலும் லிக்விட் சேர்த்தது, செங்கலைவிடக் கெட்டி. சுவருக்குள் மிச்சம் இருக்கிற ஈரம் அதைத் தாண்டி மேலே ஏறிப் பழைய பூச்சில் வெளிவரும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற கலவை இந்த இடத்துக்குப் பொருத்தம். வெடிப்பு குறைவு, ஈரமும் மூச்சு விடும். கனம் 12 மி.மீ. போதும்.

அதைவிட முக்கியம், பொங்கலுக்குள் இதைப் பூசக்கூடாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சுவர் ஈரத்தின் உச்சத்தில் இருக்கும். செங்கல் சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. 9 அங்குலத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். வெளியே வெட்டிவிட்டு, உள்ளே செங்கல் தெரிய விட்டு, முழுக் கோடையும் காற்றாட விடுங்கள். ஆவணியில் பூசினாலே சீக்கிரம்தான். மழைக்காலத்தைத் தாண்டி அடுத்த மாசி என்றால் இன்னும் நல்லது. அதுவரை முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு மறைத்துக்கொள்ளுங்கள், சுவரிலிருந்து அரையடி தள்ளி.

பூசும்போது கலவைக்கும் நனைப்பதற்கும் உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீர் விடுங்கள். பூச்சைத் தரையோடு முட்டவிடாமல் ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தி, ஸ்கர்ட்டிங் டைல் வைத்து மறையுங்கள். வீடு கழுவும் தண்ணீரை உறிஞ்சுவது அந்த ஓர் அங்குலம்தான். ஏழு நாள் நனைத்து, 28 நாள் கழித்துச் சுண்ணாம்பு அடியுங்கள். அந்தப் பகுதிக்குப் பட்டியும் வேண்டாம், எமல்ஷனும் வேண்டாம்.

பட்டித்தகடு:
பொங்கலுக்கு மற்ற இடங்களை முடித்துவிடலாம். கணக்கு: சுற்றளவு 44 அடி, உயரம் 10, ஆக 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் இரண்டும் 4-க்கு 4 என்றால் 32. ஓதச் சுவரில் இப்போது தொடாமல் விடும் நாலரை அடிப் பகுதி 54. மீதி 333 சதுர அடி. சீலிங் தனி, அது 120.

சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 16 சதுர அடி என்று வைத்தால் 21 கிலோ. 20 கிலோ பை ஒன்று, 5 கிலோ ஒன்று. ப்ரைமர் 4 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி, ஆக 6 லிட்டர். மெஷினில் கலந்த கலர் என்றால் எல்லா டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்குங்கள், டின்னுக்கு டின் சாயல் மாறும்.

ஆனால் பட்டி எல்லாச் சுவருக்கும் தேவையா என்று முதலில் பாருங்கள். ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கலர் ஒட்டினால் அது டிஸ்டெம்பர், பூச்சு தெரியும் வரை சுரண்டணும். அதன் மேலேயே பட்டி போட்டால் ஒரு வருடத்தில் அப்பளமாக உரியும். கலர் வராமல் கெட்டியாக இருந்தால் பழைய எமல்ஷன். சிமெண்ட் பட்டி அதில் பிடிக்காது. 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பை எடுத்து, ப்ரைமர் அடித்து, பள்ளம் உள்ள இடத்தில் மட்டும் அக்ரிலிக் பட்டி வையுங்கள். பாதிச் செலவு மிச்சம்.

சிமெண்ட் பட்டிக்குச் சுவரை நனைத்துக்கொள்ளணும். கிலோவுக்கு 350 முதல் 400 மி.லி. தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் தீர்கிற அளவு மட்டும் கலக்குங்கள், இறுகியதைத் தண்ணீர் விட்டு இளக்கினால் பின்னால் மாவாகும். கீழிருந்து மேலாக இழுங்கள். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. மறுநாள் 180, பிறகு 320 உப்புத்தாள். தேய்க்கும்போது செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். தூசியைத் துடைக்காமல் ப்ரைமர் அடித்தால் அது தூசியின் மேல்தான் ஒட்டும்.

மரவேலை:
கதவு, ஜன்னலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி இங்கே அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் நிறையவே இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற எமரி 220-ஆல் ஈரமாகத் தேயுங்கள். துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் தாளையும் கட்டிக் குப்பையில் போடுங்கள். நெருப்புக் காட்டி உரிப்பது அதைவிட மோசம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இரண்டு நாள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

மரம் தெரிகிற இடத்தில் வுட் ப்ரைமர், பிறகு எனாமல் மெல்லிசாக இரண்டு கோட். மார்கழிப் பனியில் சாயங்காலம் அடித்தால் மங்கும், பிசுபிசுப்பும் போகாது. காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள். கதவைக் கழற்றி அடிப்பதானால் அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் விடாதீர்கள், மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவது அந்த வழியாக ஏறும் ஈரத்தால்தான்.